ஒன்பது தட்டு, ஒரு தட்டு

முதல் நாள், நியூயார்க்

ஒரு டாலர் நோட்டின் பின்புறத்தில், 'ஒன்று' என்ற பெரிய எழுத்துக்கு மேலே, 'கடவுளை நம்புகிறோம்' என்று அச்சடித்திருக்கிறது. எத்தனையோ டாலர் என் கையில் வந்து போயிருக்கிறது, ஒருநாளும் அதைப் படித்ததில்லை. இன்று சுரங்க ரயில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் காகிதக் கோப்பையை நீட்டினார். பர்ஸைத் திறந்தால் ஒரு டாலர் ஒன்றும் இருபது டாலர் இரண்டும் இருந்தன. எதை எடுப்பது என்று விரல்கள் தடுமாறிய நேரத்தில்தான் அந்த வாசகம் கண்ணில் பட்டது. ஒரு டாலரைத்தான் போட்டேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வளர்த்த வளர்ப்பு.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அக்கா மகள். நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறாள். தொலைபேசியில் ஒருநாள், "கிறிஸ்தவ நாடு என்று மார்தட்டிக்கொள்கிறார்கள், தெருவெல்லாம் மனிதர்கள் படுத்துக் கிடக்கிறார்கள், இது என்ன பக்தி?" என்று கேட்டுவிட்டேன். "மாமா, நீங்கள் செய்தி பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள். வந்து பார்த்துவிட்டுத் திட்டுங்கள்" என்றாள். வந்துவிட்டேன். நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன், மறுபடி நியூயார்க். ஆறு நாள். தினமும் இரவு எழுதிப் போட்டுவிட உத்தேசம்.

புறப்படும்போது இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு வந்தேன். பியூ ஆய்வு மையத்தின் 2023-24 கணக்கெடுப்பில் அமெரிக்கப் பெரியவர்களில் 62 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த அரசுக் கணக்கில் வீடற்றவர்கள் 7,71,480 பேர். இரண்டையும் அருகருகே எழுதி வைத்துவிட்டால் கட்டுரை முடிந்துவிடும் என்றுதான் விமானத்தில் நினைத்திருந்தேன்.

மாலையில் பவரி தெருவுக்குப் போனேன். குடித்து அழிந்தவர்களும் வேலை போனவர்களும் ஒதுங்கும் தெரு என்று ஒரு காலத்தில் பெயர் எடுத்தது. இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். வீடற்றவர்களுக்குச் சோறும் படுக்கையும் தரும் கிறிஸ்தவ அமைப்பு, 1879-ல் தொடங்கிய பவரி மிஷன், இன்னும் அங்கே இருக்கிறது, சிவப்புக் கதவோடு. பக்கத்திலேயே சமகாலக் கலைக்கான அருங்காட்சியகம். நான் போன நேரத்தில் இரண்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஒரு வாசலில் கையில் டிக்கெட், மற்ற வாசலில் கையில் மூட்டை.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில், ஏழைகளுக்குச் சோறு போடும் 'கத்தோலிக்கத் தொழிலாளர்' இயக்கத்தின் வீடு. டோரதி டே என்ற பத்திரிகையாளரும் பீட்டர் மோரன் என்பவரும் 1933 மே 1 அன்று தொடங்கியது. அதே பெயரில் அவர்கள் தொடங்கிய பத்திரிகையின் விலை ஒரு சென்ட், இன்றுவரை அதே ஒரு சென்ட். நன்கொடைக்கு வரிவிலக்கு வாங்கித்தரும் பதிவைச் செய்துகொள்ளவே இல்லை. கொடுப்பவருக்கு அரசாங்கம் ஏன் பரிசு தர வேண்டும் என்பது அவர்கள் வாதம். இந்த நாட்டில் தர்மம் செய்தால் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது 1917-லிருந்து இருக்கும் வழக்கம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்றது வேதம், வரி அலுவலகத்துக்குத் தெரியக்கூடாது என்று சொல்லவில்லை என்பார்கள் போலிருக்கிறது. டோரதியைப் புனிதராக்கும் நடவடிக்கை ரோமில் நடந்துகொண்டிருக்கிறது. ஸ்டேட்டன் தீவுக்குப் போகிற படகு ஒன்றுக்கும் அவர் பெயர். அந்தப் படகில் டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம். பொருத்தமான இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள், நியூயார்க்

அக்கா மகள் மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் சாப்பாடு பரிமாறப் போகிறாளாம். எனக்கு இதுவரை சொன்னதே இல்லை. இடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் விடுகிறேன்.

படி இறங்கினால் தாழ்ந்த கூரை, குழாய் விளக்குகள், வேகும் பீன்ஸின் வாசனை, மடக்கு மேசைகள். சுவரில் ஒரு சிலுவை. அதன் பக்கத்தில் ஒரு ஆணி, அதில் ஏப்ரன்கள். ஆளுக்கு ஒன்றாக எடுத்து மாட்டிக்கொண்டோம். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார்தான் அங்கே எல்லாம். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், குரலிலேயே தெரிந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாசலில் நிற்கச் சொல்லி, கட்டைவிரலால் அமுக்கி எண்ணும் சின்ன உலோகக் கருவி ஒன்றைக் கையில் வைத்தார். ஒருவர் உள்ளே வந்தால் ஒரு தட்டல், அவ்வளவுதான் வேலை.

"பெயர் கேட்க வேண்டுமா?"

"வேண்டாம்."

"அடையாள அட்டை?"

"நீங்கள் சாப்பிடப் போகும் இடத்தில் உங்களிடம் கேட்கிறார்களா?"

வாயை மூடிக்கொண்டேன். பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. மழையில் நனைந்த கோட்டுகள். வயதான ஒரு சீனத் தம்பதி ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இறங்கினார்கள். கட்டடத் தொழிலாளியின் தலைக்கவசத்தோடு ஒருவன். சுத்தமாக இஸ்திரி போட்ட சட்டையோடு, காலணியைத் துடைத்துக்கொண்டு வந்த ஒருவர், இவர் பாதிரியாராகத்தான் இருக்க வேண்டும் என்று நான் விலகி வழிவிட, அவர் நேராகப் போய்த் தட்டை எடுத்தார். தட்டில் கோழி, பீன்ஸ், ஒரு பன், டப்பாவில் அடைத்த பீச் பழத்துண்டுகள். ஜபம் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. ஓர் ஓரத்தில் யாரோ தாமாகவே தலை குனிந்து சொல்லிக்கொண்டார்கள்.

சாப்பிட்டுப் போன ஒருவர் அரை மணி நேரத்தில் மறுபடி வந்து நின்றார். தொப்பியை மட்டும் மாற்றியிருந்தார். கட்டைவிரலை அமுக்குவதா, நிறுத்தித் திருப்பி அனுப்புவதா என்று புரியாமல் உள்ளே பார்த்தேன். அம்மையார் அங்கிருந்தே, "தட்டுக்குத்தான் கணக்கு, ஆளுக்கு இல்லை" என்றார். அமுக்கினேன். மூடும்போது 214.

அந்த எண்ணைப் பார்த்து எனக்கு ஒரு பெருமிதம். என் விரலால் எண்ணியது அல்லவா. அம்மையாரிடம் பாராட்டாக ஏதோ சொன்னேன். அவர் பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நாங்கள் பெரிய காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு ஊருக்குப் போகாதீர்கள். நாடு முழுவதும் இருக்கும் உணவு வங்கிகளின் கூட்டமைப்பே சொல்லும் கணக்கு இது. அவர்கள் வழியாக ஒரு வேளைச் சாப்பாடு போகிறது என்றால், அரசாங்கத்தின் உணவு உதவி அட்டை வழியாக ஒன்பது வேளை போகிறது. நாங்கள் ஒரு தட்டு, அது ஒன்பது தட்டு."

முன்பு ஃபுட் ஸ்டாம்ப் என்று அழைத்தார்களே, அதுதான் இப்போது 'ஸ்னாப்'. 1964-ல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் நிலைபெறச் செய்த திட்டம். 2023-ல் சராசரியாக மாதம் ஏறத்தாழ 4.2 கோடிப் பேருக்குப் போயிற்று. எட்டுப் பேரில் ஒருவர் என்று வையுங்கள்.

திரும்பும் ரயிலில் எனக்கு ஒரே உற்சாகம். இந்த அரசாங்கத்துக்கு மதம் இருக்கக்கூடாது என்று 1791-லேயே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில் எழுதிவிட்டார்கள். மதமே வைத்துக்கொள்ளக்கூடாது என்று விலக்கப்பட்ட கை ஒன்பது தட்டு வைக்கிறது, மதம் உள்ள கை ஒரு தட்டு வைக்கிறது. கட்டுரைக்கு முடிவு கிடைத்துவிட்டது என்றேன். அக்கா மகள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்த ஒன்பது தட்டைக் குறைக்காதே என்று வாஷிங்டனில் வருடா வருடம் கதவு தட்டுகிறவர்களில் தேவாலயக்காரர்களும் உண்டு மாமா. அதற்கென்றே 1974-ல் ஒரு லூத்தரன் போதகர் அமைப்பு வைத்தார். குறைக்கச் சொல்லிக் கதவு தட்டுகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர்கள்தான்."

வந்த உற்சாகம் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போய்விட்டது.

மூன்றாம் நாள், ஃபிலடெல்ஃபியா

ரயில் ஒன்றரை மணி நேரம். மழை விட்டிருந்தது. சுதந்திர மணியைப் பார்க்க நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் நடந்தேன். எட்டாவது தெருவும் பைன் தெருவும் சந்திக்கும் இடத்தில் பென்சில்வேனியா மருத்துவமனை இருக்கிறது. 1751-ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் டாக்டர் தாமஸ் பாண்டும் தொடங்கியது. அமெரிக்காவின் முதல் மருத்துவமனை என்று சொல்லிக்கொள்கிறார்கள். தெருவில் திரிந்த ஏழை நோயாளிகளுக்காகவும் மனநிலை பிறழ்ந்தவர்களுக்காகவும் கட்டியது. அதன் முத்திரையில், இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியன். அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்து, இவனைக் கவனித்துக்கொள், ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லும் காட்சி. அந்தச் சமாரியன் யூதன் இல்லை, அதே வழியில் வந்து பார்த்துக்கொண்டே விலகிப் போனவர்கள்தான் கோயில் பணி செய்யும் ஆசாரியனும் லேவியனும். மதத்தின் பெயர்ப் பலகைக்கும் கருணைக்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்வியை அந்தக் கதையே கேட்டுவிட்டது. நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வரவில்லை.

ஃபிராங்க்ளின் பணம் திரட்டிய விதம்தான் ரசிக்கத்தக்கது. காலனிச் சட்டமன்றத்தில், மக்கள் நன்கொடையாக 2,000 பவுண்டு சேர்ந்தால் அரசும் 2,000 பவுண்டு தரட்டும் என்று மசோதா. மக்களால் அவ்வளவு சேராது, நமக்குச் செலவில்லாமல் தர்மப் பிரபு என்ற பேர் கிடைக்கும் என்று உறுப்பினர்கள் கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டார்கள். மனிதர் மக்களிடம் போய், நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டும் இரண்டாகும் என்றார். சேர்ந்துவிட்டது. 1755-ல் அடிக்கல்லுக்கு வாசகமும் அவரே எழுதினார்: அரசாங்கத்தின் கொடையாலும் தனிமனிதர் பலரின் கொடையாலும், நோயுற்றோர், துன்புற்றோர் துயர் துடைக்கப் பக்தியோடு நிறுவப்பட்டது, இரக்கத்தின் கடவுள் இதை ஆசீர்வதிப்பாராக. நேற்று ரயிலில் நான் ஒன்பது, ஒன்று என்று பிரித்து வைத்த இரண்டு கையும் அந்த ஒரே கல்லில் இருக்கின்றன.

இதே ஃபிராங்க்ளின்தான் 1766-ல் வேறொரு பேச்சும் பேசினார். ஏழைகளுக்குச் செய்யும் நன்மை, அவர்களை ஏழ்மையில் சௌகரியமாக இருத்தி வைப்பதல்ல, அதிலிருந்து நடத்தியோ விரட்டியோ வெளியேற்றுவதுதான் என்று இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதினார். உதவி கூடக்கூடச் சோம்பல் கூடும் என்பது அவர் கருத்து. அந்த ஒரு மனிதருக்குள் நடந்த வழக்கு இந்த நாட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை. பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்பதை ஒரு பழமொழியாக வைத்துக்கொண்டு பிழைப்பைப் பார்க்கலாம். இவர்கள் அதைச் சட்டமாக்கி, படிவம் அச்சடித்து, மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததற்குச் சான்று கேட்கிறார்கள். சின்னக் குழந்தை இல்லாத, உடல் திடமுள்ளவர் சான்று காட்டாவிட்டால் மூன்று வருடத்தில் மூன்று மாதம்தான் உணவு உதவி. 1996-லிருந்து இந்த விதி. 2025-ல் அதை 64 வயது வரை நீட்டிவிட்டார்கள்.

ஃபிராங்க்ளின் பெயரிலேயே இந்த ஊரில் ஓர் அகலமான சாலை இருக்கிறது. மரங்கள், சிலைகள், அருங்காட்சியகங்கள். அங்கே வீடற்றவர்களுக்குச் சில கிறிஸ்தவ ஊழியக் குழுக்கள் திறந்த வெளியில் சாப்பாடு போட்டு வந்தன. 2012-ல் நகர நிர்வாகம் பூங்காக்களில் அப்படிப் போடத் தடை விதித்தது. சுகாதாரம் என்று காரணம் சொன்னது. பசித்தவனுக்குச் சோறு போடுவதுதான் எங்கள் வழிபாடு, அதைத் தடுப்பது மதச் சுதந்திரத்தைத் தடுப்பது என்று குழுக்கள் நீதிமன்றம் போயின. அதே வருடம் நீதிபதி தடையை நிறுத்தி வைத்தார். அந்தச் சாலையில் மதியம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் நன்றாக இருந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை.

நான்காம் நாள், வாஷிங்டன்

இன்று ரயில் தாமதம், விடுதியில் அறை தயாராக இல்லை, புதுச் செருப்பு கடித்துக் காலில் கொப்புளம். சுருக்கமாக எழுதிவிடுகிறேன்.

நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில், சபாநாயகர் இருக்கைக்கு மேலே, சலவைக்கல்லில் அதே டாலர் வாசகம். இது என்னவோ நாட்டை உண்டாக்கியவர்கள் பொறித்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். நாணயத்தில் வந்தது 1864, உள்நாட்டுப் போர் சமயம். தேசிய வாசகமானது 1956. பள்ளிக் குழந்தைகள் சொல்லும் கொடி உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் நுழைந்தது 1954. கடவுள் இல்லை என்ற சோவியத்துக்கு எதிரே நாங்கள் யார் என்று காட்ட வேண்டியிருந்த காலம். அதற்கெல்லாம் முன்பு, 1797-ல் வட ஆப்பிரிக்காவின் திரிப்போலியோடு போட்ட உடன்படிக்கையில், அமெரிக்க அரசு எந்த விதத்திலும் கிறிஸ்தவ மதத்தின் மேல் நிறுவப்பட்டதல்ல என்று ஒரு பிரிவு. செனட் ஒருமனதாக ஏற்றது, அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்துப் போட்டார். ஆக அடையாளம் என்பதே எந்த வருடத்து ஏட்டைப் புரட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

2013 மே மாதம் இங்கே விவசாயக் குழுவில் ஒரு வாதம் நடந்தது. உணவு உதவியைக் குறைக்கும் மசோதா. கலிஃபோர்னியா உறுப்பினர் ஹுவான் வர்காஸ் வேதத்தில் மத்தேயுவின் 25-ஆம் அதிகாரத்தை எடுத்தார்: பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள். டென்னஸி உறுப்பினர் ஸ்டீஃபன் ஃபின்ச்சர் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய கடிதத்தை எடுத்தார்: வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவுங்கூடாது. ஒரே புத்தகம், ஒரே மேசை. ஃபின்ச்சர் விவசாயி. அவர் பண்ணைக்கு அரசு மானியமாக லட்சக்கணக்கான டாலர் வந்திருப்பது விரைவிலேயே பத்திரிகைகளில் வந்துவிட்டது. வேதத்தில் எந்த வசனத்தில் விரல் வைக்கிறான் என்பதைப் பார்த்தால் மனிதன் தெரிந்துவிடுவான்.

எதிரே உச்ச நீதிமன்றம். கிழக்கு முகப்பில் கற்பலகைகளோடு மோசே அமர்ந்திருக்கிறார், ஒரு பக்கம் கன்ஃபூசியஸ், மறுபக்கம் சோலன். 2024 ஜூனில் இங்கேதான், பொது இடத்தில் போர்வை போர்த்திப் படுப்பதற்கு ஊர் நிர்வாகம் அபராதமும் சிறையும் விதிக்கலாம் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு. வழக்கு ஓரிகனின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிற்றூருடையது. படுக்க இடமில்லாதவர்களுக்கு அங்கே இருந்த முக்கியமான விடுதி ஒரு கிறிஸ்தவ அமைப்பு நடத்தியது. அதில் தங்குகிறவர் வழிபாட்டுக்கு வர வேண்டும், புகை கூடாது. விதியைப் பிடிக்காதவன் பூங்காவுக்குப் போனால் அபராதம். கருணை இருந்தது, ஆனால் அதற்கும் ஒரு நுழைவாயில் இருந்தது. நியூயார்க்கில் அம்மையார் என்னிடம் பெயரே கேட்காதே என்று சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதுதான் உறைக்கிறது.

ஐந்தாம் நாள், வாஷிங்டன்

ஏரிக்கரையில் செர்ரி மரங்கள் பூத்திருக்கின்றன. காற்று அடித்தால் தோளெல்லாம் இதழ். கூட்டம் எல்லாம் பூவுக்கு. அதை ஒட்டியே ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நினைவிடம். அங்கே ஜார்ஜ் சீகல் வடித்த வெண்கல மனிதர்கள் ஐந்து பேர், ஆளுயரத்தில், கோட்டும் தொப்பியுமாக ஒருவர் பின் ஒருவராக ரொட்டிக்குக் காத்து நிற்கிறார்கள். 1930-களின் பெருமந்தக் காலத்து வரிசை. ஒருவருக்கும் ஒருவர் முகம் பார்க்க வெட்கம், எல்லோர் பார்வையும் முன்னால் நிற்பவரின் முதுகில். வருகிறவர்கள் ஆறாவது ஆளாகப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு சிறுவன் கடைசி ஆளின் கோட்டுப் பைக்குள் கை விட முயன்றான். அந்தப் பை திறந்த பை இல்லை. அருகே சுவரில் 1937-ல் ரூஸ்வெல்ட் பேசியது: அதிகம் உள்ளவரின் நிறைவில் மேலும் சேர்க்கிறோமா என்பதல்ல நம் முன்னேற்றத்துக்குச் சோதனை, மிகக் குறைவாக உள்ளவர்களுக்குப் போதுமானதைத் தருகிறோமா என்பதே. கடவுள் பெயர் அதில் இல்லை. படித்தால் வேதத்தின் சங்கீதப் பாடல் போலத்தான் இருக்கிறது.

லிங்கன் நினைவிடத்துக்கு முன்னால் இருக்கும் நீண்ட நீர்நிலையின் ஓரமாக நடந்தேன். 1968 மே மாதம் இந்தப் புல்வெளியில் ஒரு ஊரே இருந்தது. உயிர்த்தெழுதல் நகரம் என்று பெயர். மார்ட்டின் லூதர் கிங் திட்டமிட்ட ஏழை மக்கள் இயக்கம், அவர் சுடப்பட்ட பிறகு அவருடைய தோழர்கள் நடத்தினார்கள். பிளைவுட் கூடாரங்களில் ஏறத்தாழ மூவாயிரம் பேர், ஆறு வாரம். நாள் கணக்கில் மழை, சேறு. ஜூன் 24 அன்று போலீஸ் காலி செய்தது. போதகர்கள் தொடங்கிய இயக்கம், தர்மம் கேட்டு வரவில்லை, வேலையும் வருமானமும் உரிமையாகக் கேட்டு வந்தார்கள். புல் இப்போது நன்றாக வளர்ந்திருக்கிறது. பந்து விளையாடுகிறார்கள்.

இனி எழுதப் போவதை விட்டுவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.

திமோத்தி ஷ்மால்ஸ் என்ற கனடாச் சிற்பியின் 'வீடற்ற இயேசு' என்ற வெண்கலச் சிலை பல ஊர்களில் இருக்கிறது. பூங்கா பெஞ்ச் ஒன்றில் போர்வைக்குள் சுருண்டு படுத்த உருவம். முகம் தெரியாது. வெளியே நீட்டிய பாதங்களில் ஆணித் தழும்பு. அதை வைத்துத்தான் யார் என்று தெரியும். கால்மாட்டில் ஒருவர் உட்கார இடம் விட்டிருப்பார். 2014-ல் வட கரோலினாவில் ஒரு தேவாலயத்துக்கு வெளியே வைத்தபோது, அந்த வழியாகப் போன ஒரு பெண் யாரோ படுத்திருப்பதாக நினைத்துப் போலீஸை அழைத்துவிட்டார். வாஷிங்டனில் கத்தோலிக்க அறநிலையத்தின் அலுவலகத்துக்கு வெளியே, ஜி தெருவில் ஒன்று. அதைப் பார்க்கவே கிளம்பினேன்.

பொழுது மங்கிவிட்டது. கொப்புளத்தோடு நொண்டிக்கொண்டு ஒரு தெரு முன்பே தப்பாகத் திரும்பிவிட்டேன். ஒரு பெஞ்ச். சாம்பல் நிறப் போர்வை, சுருண்ட உருவம், வெளியே நீட்டிய பாதங்கள். வந்துவிட்டோம் என்று செல்பேசியை எடுத்து ஒரு படம், குனிந்து பாதத்தைக் கிட்டத்தில் ஒரு படம். தழும்பைத் தேடினேன். குதிகால் வெடித்து, ஒரு விரலில் பழைய துணிக்கட்டு. அந்த விரல் அசைந்தது.

போர்வை விலகியது. இளைஞன், முப்பதுகூட இருக்காது. கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எடுத்தாயிற்றா?" என்று மட்டும் கேட்டான். மன்னிப்புக் கேட்டேன். சிலை என்று நினைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அது எந்த விதத்தில் மேல்? இருபது டாலர் நோட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். படத்தை அழித்துக் காட்டினேன். திரையை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையசைத்து மறுபடி போர்வைக்குள் போய்விட்டான்.

அடுத்த தெருவில்தான் அந்தச் சிலை இருந்தது. கால்மாட்டில் உட்கார இடமும் இருந்தது. நான் உட்காரவில்லை.

ஆறாம் நாள், நியூயார்க்

திரும்பும் ரயிலில் அக்கா மகளிடம் தொலைபேசியில் பேசினேன். நேற்று நடந்ததைச் சொல்லவில்லை, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். "வெளிநாட்டுக்குக் கொடுப்பதைப் பற்றி எழுதினீர்களா?" என்று கேட்டாள். அதையும் இரண்டு வரி. பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று 1970-ல் ஐ.நா. இலக்கு வைத்தது. ஞாயிறு வழிபாட்டுக்கு ஆள் குறைந்துபோன நார்வே 2023-ல் ஒரு சதவீதத்துக்கு மேல் கொடுத்தது, அமெரிக்கா கால் சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. சரி, மதம் குறைந்தால் கை தாராளமாகும் என்று எழுதலாமா என்றால், முன்பின் தெரியாதவருக்கு உதவுவது, பணம் தருவது, நேரம் தருவது மூன்றையும் வைத்துப் போட்ட உலகப் பட்டியலில் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து முதலிடம் இந்தோனேசியாவுக்கு, 2018-லும் அதற்கே. 2018-க்கு முன்பு சில ஆண்டுகள் மியான்மருக்கு. எழுதலாமா என்று நினைத்ததை அடித்துவிட்டேன். 2003-ல் ஆப்பிரிக்காவின் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருந்து அனுப்பும் பெரிய திட்டத்தை அதிபர் புஷ் தொடங்கியபோது அதைத் தூக்கிப் பிடித்தவர்களில் சுவிசேஷத் திருச்சபைகள் முக்கியமானவை. அந்த மருந்தில் லட்சோபலட்சம் பேர் பிழைத்தார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டு உதவிக்கான தனி அமைப்பையே மூடியபோதும் தேவாலயங்கள் அதே இடத்தில்தான் இருந்தன.

ஊருக்குக் கிளம்ப இரவு வரை நேரம் இருந்தது. கேட்காமலே அடித்தளத்துக்குப் போய் நின்றேன். அம்மையார் ஆச்சரியப்படவில்லை. சாமான் அறையிலிருந்து பீன்ஸ் டப்பாப் பெட்டிகள் இரண்டைத் தூக்கி வரச் சொன்னார். பெட்டியின் பக்கவாட்டில் மத்திய அரசின் விவசாயத் துறை முத்திரை.

"இது அரசாங்கத்துடையதா?"

"பாதிக்கு மேல். உழவர்களிடமிருந்து வாங்கி உணவு வங்கிகளுக்கு அனுப்புகிறார்கள், அங்கிருந்து எங்களுக்கு. அதனால்தான் சாப்பிட வருகிறவரை ஜபம் பண்ணச் சொல்லக்கூடாது என்று விதி. சொன்னால் பெட்டி வராது. விதி இல்லாவிட்டாலும் நாங்கள் சொல்லமாட்டோம் என்பது வேறு விஷயம்."

அப்படியானால் அந்த ஒரு தட்டிலும் என்று ஆரம்பித்தேன். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரன் எடுக்க ஆணிக்குப் போனேன். கடைசி ஏப்ரன் அது. எடுத்ததும் சுவரில் அதற்குப் பின்னால் ஒரு சுவரொட்டி தெரிந்தது. முதல்முறை வந்தபோது துணிகளுக்குள் மறைந்திருந்திருக்கிறது. பெரிய எழுத்தில், 'எல்லோருக்கும் நீதி'. கொடி உறுதிமொழியின் கடைசிச் சொற்கள். விவசாயத் துறையின் சாமானை வாங்கும் இடங்களில் எல்லாம் இதை மாட்ட வேண்டுமாம். கீழே பொடி எழுத்தில், இனம், நிறம், பிறந்த தேசம் என்று வரிசையாக, இவற்றில் எதைக் காரணம் காட்டியும் யாருக்கும் மறுக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. முழுவதும் படிக்க முடியவில்லை, எண்ணெய்க் கறை.

"அங்கே என்ன படிக்கிறீர்கள்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பதினொன்றரை ஆகிவிட்டது, வெளியே மழை. கதவைத் திறங்கள்."

எண்ணும் கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுத் திறந்தேன். முதலில் நின்றவர் தொப்பி மாற்றும் அந்த மனிதர்தான்.